ஒரு படித் தவிடு

அறந்தாங்கிக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்த திருமேனியும் அவர் பெண்சாதி வடிவாம்பாளும் பினாங்குக்குப் பிள்ளை வாங்கக் கப்பலேறியபோது, பெட்டியில் வேட்டி புடவையும் முறுக்கு டின்னும் ஒரு சோடி வெள்ளிக் கொலுசும் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சள் துணியில் முடிந்து ஒரு படித் தவிடும் வைத்துக்கொண்டு போனார்கள். பெட்டியைச் சோதனை போட்டவன் தவிடு எதற்கு என்று கேட்டான். பிள்ளைக்கு என்றாள் வடிவாம்பாள். சீனத்துப் பிள்ளை தவிடா தின்னும் என்று சிரித்தான் அவன். அவனுக்கு என்ன தெரியும். பிள்ளை தங்காத வீட்டில், பிள்ளையை முறத்தில் போட்டுத் தவிட்டுக்கு விற்றதாகச் சொல்லி வாங்கிக்கொண்டால், தவிட்டு விலைக்குப் போன பண்டத்தை எடுத்துப்போய் நமக்கு என்ன ஆகப்போகிறது என்று எமன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வடிவாம்பாளுக்கு மூன்று பிறந்து மூன்றும் தங்கவில்லை. நாலாவதைத் தன் வயிற்றில் தேட அவளுக்குத் தெம்பில்லாமல் போய்த்தான் கடல் தாண்டித் தேட வந்தாள்.

அங்கே திருமேனிக்கு ஒன்றுவிட்ட அக்காள் செண்பகம் இருந்தாள், வாழ்க்கைப்பட்டுப் போனவள். சீனர் வீடுகளில் புலி வருஷத்தில் பெண் பிறந்தால் வீட்டுக்கு ஆகாது என்று தமிழர் வீட்டில் கொடுத்துவிடுவார்கள், கொடுத்த பிள்ளைகள் மஞ்சள் பூசி, பூ வைத்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசிக்கொண்டு வளர்கின்றன, நீயும் வாயேன் தம்பி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தவள் அவள்தான். அந்த வருஷம் புலி வருஷம்.

செண்பகம் அவர்களை ஒரு நூடுல்ஸ் கடையின் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். சின்னப் பெண் ஒருத்தி, இருபது வயதுகூட இருக்குமோ என்னவோ, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வந்து நின்று, பாயைக் காட்டினாள். பாயில் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தன.

“ரெட்டைப் பிள்ளைங்கிறதை நான் சொல்லலை, வந்து பார்த்தா சந்தோஷப்படுவீங்கன்னு இருந்தேன்,” என்றாள் செண்பகம். “பிரிக்காம ரெண்டையும் ஒரே வீட்டுல குடுக்கணுங்கிறா. அது ஒண்ணுதான் கேக்குறா.”

“ரெண்டையும் தூக்கிருவோம் வடிவு,” என்றார் திருமேனி. “போனது மூணுக்கு ரெண்டாவது வரட்டும்.”

வடிவாம்பாள் குனிந்து பார்த்தாள். ஒன்றின் முகம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. மற்றதன் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை, நாவல்பழத்தைக் கடித்துத் துப்பின மாதிரி ஒரு மச்சம் படர்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் வடிவாம்பாளுக்கு அறந்தாங்கிக் கடைத்தெரு முழுக்கக் கண்முன் வந்து நின்றது. சப்பை மூக்கு என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், சரி, அதைத் தாங்கிக்கொள்ளலாம். கன்னம் என்று இன்னொரு பார்வை பார்ப்பார்களே, கல்யாணம் காட்சிக்குப் போனால் இடுப்பில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்களே, கடல் தாண்டிப் போய் இதைத்தானா பொறுக்கி எடுத்து வந்தாய் என்று கேட்பார்களே என்றெல்லாம் நினைத்தாள். இது அத்தனையும் நினைத்து முடிக்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆயிற்று.

“தவிடு ஒரு படிதானே கொண்டாந்தோம்,” என்றாள்.

“ஏன், இங்கே தவிடே இல்லையா?” என்றார் திருமேனி.

“நம்ம ஊர்த் தவிடுதான் செல்லும். ஒரு படிக்கு ரெண்டு பிள்ளையை வாங்கினா ரெண்டுக்கும் ஆகாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அப்படி ஒரு முறை எங்கேயும் கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். செண்பகம் அதைச் சீனத்தில் பெயர்த்துச் சொன்னாள். அந்தப் பெண் மஞ்சள் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள், அவிழ்த்துக் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள், பிறகு என்னவோ சொல்லிவிட்டுச் செருப்புகூடப் போடாமல் பின்வாசல் வழியாக ஓடினாள்.

“இருக்கச் சொல்லிட்டுப் போறா. இதோ வந்திர்றேங்கிறா,” என்றாள் செண்பகம்.

“கப்பலுக்கு நேரமாச்சு அண்ணி,” என்றாள் வடிவாம்பாள். கப்பல் மறுநாள்தான். திருமேனிக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. பெண்சாதியிடம் அழுத்திப் பேசிப் பழகாத மனுஷர். தவிட்டை அங்கே கிடந்த ஒரு முறத்தில் கொட்டிவிட்டு, சுத்தமான கன்னத்தைத் தூக்கிக்கொண்டு அவள் முன்வாசல் வழியாக வெளியேறினாள். பாயில் கிடந்த மற்றது அழவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தாயின் பெயரைக்கூடத் தான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது வடிவாம்பாளுக்கு நடுக்கடலில்தான் ஞாபகம் வந்தது.

ஊர் என்ன சொல்லுமோ என்று அவள் பயந்தாளே, அந்த ஊர் ஒன்றும் சொல்லவில்லை. மேளம் வைக்காத குறையாக வந்து பார்த்தது. பவளக்கொடி என்று பெயர் வைத்தார்கள். பவளம், பவளம் என்று கடைத்தெருவே மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு திரிந்தது. ஒரே ஒரு பிள்ளைதான் கொடுத்தார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வடிவாம்பாள் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

பிள்ளை எழுந்து உட்காருகிற வயசில், தீபாவளி வியாபார நேரத்தில், தபால்காரர் பெண்சாதி குருவம்மாள் குடம் எடுக்கக் கடைக்கு வந்தாள். பவளம் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. குருவம்மாள் ஒரு குடத்தைத் தூக்கித் தட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பிறகு பிள்ளையையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஏன் வடிவு, வெளியில இருக்கிற பிள்ளையை இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கே. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு மூக்கு ஒழுகுதே, அதைத் துடைச்சுவிட ஆளில்லையா?”

குடத்தில் பவளத்தின் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பிள்ளை இருந்தது. பூப்போட்ட சிவப்புச் சட்டை, ஒழுகுகிற மூக்கு, இடது கன்னத்தில் நாவல்பழ மச்சம். குடத்தில் மட்டுமா, தாம்பாளத்தில், டம்ளரில், கரண்டிக் குழியில், பவளம் எதன் முன்னால் போனாலும் அதில் அந்தப் பிள்ளைதான் தெரிந்தது; இது உட்கார்ந்தால் அது தவழ்ந்தது, இது சாப்பிட்டால் அது தூங்கியது, இங்கே விடிகிறபோது அங்கே வெயில் ஏறியிருந்தது.

அறந்தாங்கி இதற்கெல்லாம் அசருகிற ஊரா. பாத்திரத்துக்குள் பிள்ளை தெரிந்தது யாருக்கும் பெரிசாகப் படவில்லை. கூடப் பிறந்ததை விட்டுவிட்டு வந்தால் தெரியத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். எப்படி விட்டுவிட்டு வர மனசு வந்தது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதையும் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. “அந்தப் பிள்ளையைத் தரமாட்டேன்னுட்டாங்களோ?” என்று அவர்களே ஒரு சாக்கை எடுத்து நீட்டினார்கள். வடிவாம்பாள் அதை வாங்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினாள். ஆட்டும்போது கழுத்து வலித்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஊரின் பிள்ளையாகிவிட்டது. பவளத்தைத் தூக்கி ஒரு தாம்பாளத்தின் முன்னால் நிறுத்தி, இன்றைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பலபேர் வேலைக்குப் போனார்கள். உள்ளே இருந்தவள் முதல் அடி எடுத்து வைத்த அன்றைக்கு மிட்டாய்க்கடைக்காரர் ஜாங்கிரி கொடுத்தார். அவளுக்கு அம்மை போட்டபோது பாத்திரக்கடை வாசலில் வேப்பிலை செருகி, தெருப்பெண்கள் கூழ் காய்ச்சி ஊற்றினார்கள், தலைக்குத் தண்ணீர் விட்டபோது எல்லோரும் சேர்ந்து குளித்தார்கள். காது குத்தினபோது, உள்ளே அவளை மடியில் வைத்திருந்த மாமன்காரருக்கு, நல்லா இறுக்கிப் பிடிங்க, திமிறுவா என்று தையல்காரர் டம்ளரைப் பார்த்துச் சொன்னார். வளர்க்கிறவள் நம்ம தமிழ்ப் பெண்ணாட்டம் இருக்கிறாள், நெற்றியில் குங்குமம் இருக்கிறது, முகத்தில் களை இருக்கிறது என்று ஊர் நிம்மதி அடைந்தது. பிள்ளை முகம் விழுந்த பாத்திரம் ராசி என்று வெளியூர்க்காரர்கள்கூட வந்து வாங்கினார்கள். வியாபாரம் கொழித்தது.

வியாபாரம் கொழிக்கக் கொழிக்க வடிவாம்பாள் கூனிக் குறுகினாள். அவள் விற்ற ஒவ்வொரு குடத்திலும் அந்தக் கன்னம் இருந்தது. ஊர் அந்தக் கன்னத்தைப் பார்த்து ஒருநாளும் உச்சுக் கொட்டவில்லை; அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உச்சுக் கொட்டியிருந்தால் தான் செய்தது சரியென்று ஒரு பக்கம் படுத்துத் தூங்கியிருப்பாள்.

பவளத்துக்கு நாலு வயசு நடக்கும்போது, ஒரு காலையில், அவளை வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தி வடிவாம்பாள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். உள்ளே அந்தப் பிள்ளையும் வந்து நின்றது. வழக்கமாகப் பவளத்தைப் பார்த்துக் கோணங்கி காட்டும். அன்றைக்குக் கண்ணை உயர்த்தி, பின்னால் நின்ற வடிவாம்பாளைப் பார்த்தது. பார்த்தபடியே கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தது. என்னையும் பின்னிவிடு என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. வடிவாம்பாள் கொடியில் கிடந்த பழைய நூல்புடவையை, நீலத்தில் மஞ்சள் பொட்டுப் போட்டது, உருவி எடுத்துக் கண்ணாடிமேல் போட்டு நாலு மூலையிலும் ஆணி அடித்தாள்.

கடையை என்ன செய்வது? எவர்சில்வரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் குடம், பிளாஸ்டிக் டப்பா என்று இறக்கினாள். வீட்டில் சமையல் அலுமினியத்துக்கு மாறியது, அதையும் கரி ஏற்றித்தான் வைத்தாள். பவளம் கிணற்றடிக்குப் போகக் கூடாது, சலூன் பக்கம் போகக் கூடாது. ஊருக்குப் புரிந்துவிட்டது. ஊருக்கு வாய் பெரிசுதான், ஆனால் பிள்ளைக்கு முன்னால் மூடவும் தெரியும். அன்றோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். குருவம்மாள் மட்டும் பிளாஸ்டிக் குடம் வாங்க வந்தபோது, குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பவளம் முகம் பார்க்காமலே வளர்ந்தாள். ஒன்பது வயசு இருக்கும். அவள் குளிக்கப் போனால் நேரமாகிறதே என்று வடிவாம்பாள் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். பிள்ளை கல்மேல் உட்கார்ந்து, மஞ்சளும் எலுமிச்சைச் சாறுமாகக் குழைத்து, இடது கன்னத்தில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

“என்னடி பண்றே?”

“போகவே மாட்டேங்குதும்மா.”

“எது?”

“மச்சம்.” பவளம் நிமிரவில்லை. “சின்னப் பிள்ளையில கண்ணாடியில பார்த்திருக்கேன்ல. இந்தக் கன்னம் பூரா. அசிங்கமா இருக்குன்னுதானே நீ கண்ணாடியை மூடி வச்சே. நீ திட்டலை, அதனால நானும் கேட்கலை.”

அந்தப் பிள்ளையை விட்டு வந்தது போதாதென்று, மடியில் வைத்து வளர்த்த பிள்ளையின் சுத்தமான கன்னத்திலும் அந்த மச்சத்தைத் தானே தேய்த்து ஏற்றியிருக்கிறோம் என்று புரிந்தபோது, வடிவாம்பாள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மனுஷியே இல்லை என்று நினைத்தாள். நினைத்ததை வாய்விட்டும் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், பாயை, இரண்டு பிள்ளைகளை, தவிட்டை, செருப்புப் போடாமல் ஓடின தாயை.

பவளம் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். “தவிடு பத்தலைன்னா விட்டுட்டு வந்தே?”

“தவிடு இல்லடி. கன்னம்.”

“அப்ப எனக்கு இருந்திருந்தா?”

வடிவாம்பாள் வாயைத் திறந்தாள். ஒரு பொய்கூட வரவில்லை. பவளம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து சோறு போடு என்பாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்பாள். அம்மா என்ற சொல்லை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டாள்.

திருமேனி அப்போதுதான் முதல்தடவையாக அழுத்திப் பேசினார். “நான் அன்னைக்கே வாயைத் திறந்திருக்கணும். நானும் ஆம்பளைன்னு மீசை வச்சிருக்கேன். கிளம்பு,” என்றார். மற்றப் பிள்ளையைப் பினாங்குக்குப் பக்கத்துச் சுங்கை பட்டாணியில் ஒரு லாரி டிரைவர் வீட்டில் வளர்க்கிறார்கள் என்று செண்பகம் எப்போதோ சொல்லியனுப்பியிருந்தாள். வடிவாம்பாள் அதைக் கேட்காத மாதிரி கேட்டு வைத்திருந்தாள். கடையை அடைத்துவிட்டு மூவரும் புறப்பட்டார்கள். பெட்டியின் மேலே இந்தத் தடவையும் மஞ்சள் முடிச்சு இருந்தது. அந்தப் பிள்ளையை முறையாகக் கேட்டு வாங்கிக் கூட்டி வந்துவிட்டால், பாயில் கிடந்த இரண்டையும் ஒரே வீட்டில் சேர்த்துவிட்டால், பவளம் மறுபடி அம்மா என்று கூப்பிடுவாள் என்று வடிவாம்பாள் கணக்குப் போட்டிருந்தாள். வழியெல்லாம் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டே போனாள்.

சுங்கை பட்டாணியில் தகரக் கூரை வீடு, வாசலில் கோழிகள், பக்கத்தில் லாரி. வெளியே வந்த பெண்ணை வடிவாம்பாளுக்கு உடனே தெரிந்தது. எத்தனை குடங்களில் பார்த்திருக்கிறாள். அமராவதி என்று பெயர். அமராவதி அவளைப் பார்த்தாள், பவளத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தீனிச்சட்டியைக் கீழே வைத்தாள்.

“நீலத்துல மஞ்சப் பொட்டு,” என்றாள். “அந்தப் புடவை உங்களோடதுதானே அக்கா?”

வடிவாம்பாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“எங்க பக்கமும் தெரியுமில்ல. பிள்ளை கண்ணாடி முன்னால நின்னா உங்க வீடுதான். அங்கே தீபாவளின்னா இங்கே இவ குதிப்பா. தன் கன்னத்துல மச்சம் இருக்குங்கிறதே இவளுக்குத் தெரியாது, கண்ணாடியில சுத்தமான முகத்தையே பார்த்து வளர்ந்தவ. ஒருநாள் கையை வச்சா, நீங்க துணியைப் போட்டீங்க. அப்புறம் எந்தக் கண்ணாடியில போய் நின்னாலும் அந்தப் பொட்டுப் புடவைதான். பொட்டுகளை எண்ணிக்கிட்டு நிப்பா. நான் என்னம்மா தப்பு பண்ணேன்னு கேட்டா. பதில் சொல்ல எனக்குத் தெரியலை.” அமராவதி கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது பெரும்பாடாக இருந்தது. “சரி, வெயில்ல நிக்காதீங்க. இந்திராணி, இங்க வாம்மா. பெரியம்மா வந்திருக்காங்க.”

பெரியம்மா. அந்தச் சொல் வடிவாம்பாளின் மேல் வந்து உட்கார்ந்தது. உள்ளேயிருந்து பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை வந்தாள். “வாங்க பெரியம்மா,” என்று சொல்லிவிட்டு, நேரே பவளத்திடம் போய் நின்றாள். இரண்டும் ஒன்றையொன்று வெகுநேரம் பார்த்தன. பவளம் கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டாள், பிறகு தன் கன்னத்தைத் தொட்டாள், மறுபடி அந்தக் கன்னத்தைத் தொட்டாள்.

“அழகாத்தானே இருக்கு,” என்றாள், வடிவாம்பாள் பக்கம் திரும்பி.

அமராவதி தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். வடிவாம்பாளின் மடியில் இருந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

“தவிடா அக்கா?”

வடிவாம்பாள் தலையசைத்தாள்.

“அன்னைக்கு நான் பினாங்குல அந்தக் கடைக்கு நூடுல்ஸ் வாங்கத்தான் போயிருந்தேன். அந்தப் பொண்ணு கோணிப்பையைத் தலையில தூக்கிட்டு ஓடி வந்துச்சு. எங்கேயோ மில்லுல கெஞ்சி வாங்கியிருக்கு, பை நிறையத் தவிடு. வந்து பார்த்தா உங்களைக் காணோம். பையை இறக்கி வைக்கக்கூட இல்லை, அப்படியே நின்னுச்சு. எனக்கு மனசு கேக்கலை. நான் எடுத்துக்கிறேன்னேன். அந்தத் தவிட்டையே என் கையில குடுத்துச்சு, நான் அதை வாங்கித் திருப்பி அதுகிட்டயே குடுத்து, பிள்ளையை வாங்கிக்கிட்டேன். முறைன்னா முறைதானேக்கா. அப்புறம் அந்தப் பொண்ணு அந்த ஊரை விட்டே போயிருச்சு. எங்கேன்னு யாருக்கும் தெரியலை.”

திருமேனி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வடிவாம்பாள் அழவில்லை, அழுவதற்குத் தனக்கு என்ன யோக்யதை என்று இருந்தாள். அமராவதி குனிந்து அவள் மடியிலிருந்து முடிச்சை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

“இவளை வாங்கியாச்சுக்கா. இதைக் கோழிக்குப் போடுங்க, பாவம், பசியில கத்துது.”

வடிவாம்பாள் எழுந்து வாசலுக்குப் போனாள். முடிச்சை அவிழ்த்து, ஒரு கை எடுத்து வீசினாள். கோழிகள் புதுஆளைப் பார்த்து ஒதுங்கின. இந்திராணி வந்து பக்கத்தில் நின்று, “பா பா பா” என்று கூப்பிட்டாள். பவளமும் வந்து கூப்பிட்டாள். கோழிகள் வந்து கொத்தத் தொடங்கின. அறந்தாங்கியிலிருந்து கொண்டுவந்த ஒரு படித் தவிடும் அவள் கைவழியாகவே தீர்ந்தது.

புறப்படும்போது இந்திராணி அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “துணியை எடுத்துடுறீங்களா பெரியம்மா?”

ஊர் திரும்பிய அன்றைக்கு, பெட்டியைக்கூடத் திறக்காமல், வடிவாம்பாள் நாலு ஆணியையும் பிடுங்கினாள். புடவை மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. கடையில் மறுபடி எவர்சில்வர் வந்தது; குருவம்மாள் முதல் குடத்தை எடுத்துப் பவளத்தின் பக்கம் திருப்பிப் பார்த்து, “வளர்ந்துட்டாளே,” என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். பவளம் அம்மா என்று உடனே கூப்பிடவில்லை. ஒருநாள் ரிப்பனைத் தேடுகிற அவசரத்தில் கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டதைத் தானே கேட்டு, அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போதும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பவளத்துக்குத் தலை பின்னுவாள் வடிவாம்பாள். உள்ளே இந்திராணி முன்பே சீருடை போட்டு, அமராவதி பின்னிவிட்ட தலையோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகும் முன் ஒரு தடவை வந்து நின்று, பெரியம்மாவைப் பார்த்துக் கையைக் கண்ணாடியில் வைப்பாள். வடிவாம்பாளும் கையை வைப்பாள். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் நிற்கும். வடிவாம்பாள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.